குறுக்கு வலி: மூலிகையின் எல்லையும் அரசின் கடமையும்

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் குறுக்கு வலி என்றும் இடுப்புப் பிடிப்பு என்றும் மக்கள் சொல்லும் துன்பம் முதியவர்களை மட்டும் தேடி வருவதில்லை. பெரியாற்றுப் பாசனம் பெறும் மேலூர் வட்டாரத்தில் சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கும், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் விடியுமுன் மல்லிகை மொட்டு பறிப்பவர்களுக்கும், குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து நெய்பவர்களுக்கும், கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளில் மூட்டை சுமப்பவர்களுக்கும் அது நடுவயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. அவர்களில் பலர் முதலில் கைவைப்பது வேலியோரத்து நொச்சி இலையிலும் நாட்டு மருந்துக் கடைத் தைலத்திலும்தான். அதற்கும் கேட்காவிட்டால் சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போகிறார்கள்.

இந்தப் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவோரும் இருக்கிறார்கள், முன்னோர் கண்ட பிழையற்ற அறிவு என்று போற்றுவோரும் இருக்கிறார்கள். இவ்விரு தரப்பாரும் எந்தச் சிகிச்சை, எந்த நோயாளிக்கு, எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்ற கேள்வியைக் கடந்து சென்றுவிடுகிறார்கள். அக்கேள்வியைப் பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும் விடை மூன்று பகுதிகளைக் கொண்டது: உடலுக்கு வெளியே செய்யும் ஒற்றடம், பூச்சு, பிடித்துவிடுதல் ஆகியவற்றுக்குப் போதிய ஆதாரம் உண்டு, உள்ளே உண்ணும் மூலிகைக்கு அந்த ஆதாரம் குறைவு, ஆபத்து மிகுதி, குனிந்தும் சுமந்தும் பிழைக்கும் தொழில்முறை மாறாதவரை இவ்விரண்டும் தற்காலிகத் தணிப்பாகவே நிற்கும்.

தானே தணியும் வலி

உலக நோய்ச்சுமை ஆய்வின்படி 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர். 2050இல் இவ்வெண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என்று அதே ஆய்வு கணிக்கிறது. மனிதர்களை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் வகிப்பது இவ்வலியே. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பிலோ நரம்பிலோ குறிப்பிட்டுச் சொல்லத்தக்க கோளாறு எதுவும் காணப்படுவதில்லை. தசை, தசைநார், மூட்டு ஆகியவற்றின் களைப்பும் இறுக்கமும், வேலைச்சுமையும், உறக்கக் குறைவும், மனக்கவலையும் ஒன்றுகூடி வலியை உண்டாக்குகின்றன. இதனை மருத்துவ நூல்கள் 'குறித்த காரணமற்ற கீழ்முதுகு வலி' என வகைப்படுத்துகின்றன.

திடீரென்று தோன்றும் இவ்வகை வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் என்பது மூலிகையை எடைபோடும் எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் சுமார் 1,650 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பாராசிட்டமால் உட்கொண்டவர்கள் குணமடைய 17 நாள்கள் ஆயின. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உட்கொண்டவர்கள் 16 நாள்களில் குணமடைந்தார்கள். ஆகவே, வலி தொடங்கிய முதல் வாரத்தில் தைலம் தேய்த்தவரும், கஷாயம் குடித்தவரும், மாத்திரை விழுங்கியவரும், ஒன்றும் செய்யாமல் இருந்தவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கக்கூடும். ஆனால் அவரவர் கையாண்ட மருந்துக்கே அவரவர் நன்றி போய்ச் சேரும். பக்கத்து வீட்டாருக்குக் குணமானது என்ற சாட்சியம் நாட்டு மருந்துக்கு மட்டுமன்றி ஆங்கில மருந்துக்கும் போதிய சான்றாகாது என்பதே இதன் பொருள். மருந்திட்டவர், வெற்று மருந்திட்டவர் என இரு குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு தேவைப்படுவது இதனாலேயே.

புறமருத்துவத்தின் வலிமை

உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் சமநிலையாக விளக்கும் சித்த மருத்துவம், வலியையும் பிடிப்பையும் பெரும்பாலும் வாதத்தின் கேடாகக் கருதுகிறது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய நூல் வாத நோய்களை 80 எனத் தொகுக்கிறது. கீழ்முதுகில் தங்கும் வலியை இன்றைய சித்த மருத்துவர்கள் தண்டகவாதம் என்னும் பெயரால் குறிப்பிடுகிறார்கள். இம்மருத்துவம் சிகிச்சையை அகமருந்து 32, புறமருந்து 32 எனச் சரிபாதியாகப் பிரித்து, வெளியே செய்யும் சிகிச்சைக்கு உட்கொள்ளும் மருந்துக்கு நிகரான இடத்தை அளித்திருப்பது கவனிக்கத்தக்கது. சூடேற்றிய இலையையோ தானியத்தையோ துணியில் முடிந்து வலியுள்ள இடத்தில் ஒற்றி எடுக்கும் ஒற்றடம், கொதிக்கும் மூலிகை நீரின் ஆவியை உடலில் படவிடும் வேது, அரைத்துச் சூடாக்கி அப்பும் பற்று, எண்ணெய்ப் பூச்சு, கையால் பிடித்தும் அழுத்தியும் தட்டியும் செய்யும் தொக்கணம் ஆகியவை அப்புறமருந்துகளுள் அடங்குகின்றன.

மதுரை வட்டாரத்து வீடுகளில் இவற்றுக்குரிய பொருள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் வளரும் நொச்சி, புதர்களிடையே காணப்படும் தழுதாழை, வாதநாராயணன் இலை, ஆமணக்கு இலை, புளிய இலை ஆகியவற்றுள் கிடைத்ததைச் சிறிது விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, பருத்தித் துணியில் பொட்டலமாகக் கட்டி, பொறுக்கும் சூட்டில் ஒற்றுவது பரவலான முறை. இதன் பயனில் பெரும்பங்கு வெப்பத்துக்கு உரியது. வெப்பம் அவ்விடத்து இரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மேலும், தோலிலிருந்து செல்லும் தொடுகை, வெப்ப உணர்வுகள் முதுகுத் தண்டிலேயே வலிச் செய்தியின் வலுவைக் குறைக்கக்கூடும் என்பதை 1965இல் மெல்சாக், வால் ஆகிய இருவரும் முன்வைத்த வாயிற்கதவுக் கோட்பாடு விளக்குகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாகத் தோன்றிய முதுகு வலிக்கு மாத்திரையை நாடுவதற்கு முன்பே மேற்பரப்பு வெப்பத்தையும் தசைப்பிடித்தலையும் பரிந்துரைத்தது. பாட்டிமார் செய்துவந்த ஒற்றடத்தின் அடிப்படைக்கு இதைவிட வலுவான ஒப்புதல் தேவையில்லை. எனினும் நொச்சி இலை அவ்வெப்பத்துக்கு மேல் என்ன சேர்க்கிறது என்பது வேறு கேள்வி. அதன் சாற்றுக்கு வீக்கம் தணிக்கும் பண்பு இருப்பது விலங்குகளில் செய்த ஆய்வுகளில் காணப்பட்டிருந்தாலும், அதைக் கொண்டு மனிதரின் இடுப்பு வலியைக் குறித்து முடிவு சொல்லிவிட இயலாது.

மூலிகை என்ற முறையில் பூச்சு மருந்துகளுள் தெளிவான ஆதாரம் பெற்றிருப்பது மிளகாய். அதன் காரத்துக்குக் காரணமான காப்சைசின் என்னும் பொருள், நரம்பு நுனியில் வெப்பத்தை உணரும் ஏற்பியைத் தூண்டி முதலில் எரிச்சலைத் தருகிறது. தொடர்ந்து படும்போது அந்நரம்பு மரத்து, வலியைக் கடத்தும் திறனைச் சிறிது காலம் இழக்கிறது. அந்த ஏற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கீழ்முதுகு வலிக்கான மூலிகைகளைப் பற்றி 2014இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் பங்கேற்ற 2,050 பேரின் விவரங்களைச் சேர்த்து நோக்கி, மிளகாய்ச் சத்துள்ள ஒட்டுப்பட்டை வெற்றுப்பட்டையை விட வலியைக் கூடுதலாகக் குறைத்தது எனக் கண்டது. உலக சுகாதார அமைப்பு நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் மிளகாய்ச் சத்தின் மேற்பூச்சை நிபந்தனையோடு ஏற்றது. ஆனால் ஆய்வுகளில் பயன்பட்டவை அளவு கட்டுப்படுத்தப்பட்ட ஒட்டுப்பட்டைகளும் களிம்புகளுமே ஆதலால், அடுப்படி மிளகாயை அரைத்து முதுகில் அப்புவதற்கு அவை அனுமதி ஆகா. கடுகுப் பற்றையும் சுக்குப் பற்றையும் அதிக நேரம் விட்டால் தோல் கொப்புளிக்கும். கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிக்குச் சூட்டின் அளவு தெரியாமல் ஒற்றடமே புண்ணாகிவிடக்கூடும்.

தைலங்களிலும் வலித்தைலக் களிம்புகளிலும் சேரும் கற்பூரம், புதினா உப்பு, நீலகிரித் தைலம், மீதைல் சாலிசிலேட் ஆகியவை குளிர்ச்சியையோ வெம்மையையோ உணர்த்தி வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. தோலுக்கு மேலே பெரும்பாலும் தீங்கற்ற இப்பொருள்கள் வயிற்றுக்குள் போனால் நஞ்சாகும். மீதைல் சாலிசிலேட்டை ஏறத்தாழ முழுமையாகக் கொண்ட விண்டர்கிரீன் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி அளவு, 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட்டைக் குழந்தையின் உடலில் சேர்த்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் இத்தகைய களிம்பை மிகுதியாகத் தேய்ப்பதும் இரத்தக்கசிவுக்கு இடந்தரும்.

தொக்கணத்தைப் பொறுத்தவரை, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலாக அதன் முறைகள் ஒன்பது எனச் சித்த நூல்கள் வகுக்கின்றன. தசையை இளக்கும் மென்மையான முறைகள் உலக சுகாதார அமைப்பு ஏற்கும் தசைப்பிடித்தலோடு ஒத்துப்போகின்றன. முதுகெலும்பை வேகமாக முறுக்கியும் இழுத்தும் சொடுக்கெடுப்பது, எலும்பு வலுவிழந்த முதியவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முறிவை உண்டாக்கக்கூடும். சித்த மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவருக்கும், வழிவழியாகக் கைப்பழக்கத்தால் சுளுக்கு எடுப்பவருக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் நோயாளியின் உயிரைத் தொடுகிறது.

அகமருந்தின் ஆபத்து

உணவோடு சேரும் மூலிகையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. முடக்கறுத்தான் தோசையும், சுக்கு மல்லிக் கஷாயமும், உளுந்தங்களியும் இவ்வட்டாரச் சமையலின் பகுதிகள். அவை உடலுக்கு ஊட்டம் தரலாம், வலியை அறுக்கும் மருந்து என்று அவற்றை எண்ணிக் காத்திருப்பதுதான் தவறு. சூரணமாகவும் மாத்திரையாகவும் செறிவூட்டிய சாறாகவும் மூலிகை மாறும்போது நிலைமை வேறாகிறது. அமுக்கரா எனத் தமிழில் வழங்கும் அஸ்வகந்தாவின் செறிவான மாத்திரைகளை உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. டென்மார்க் அரசு 2023இல் அம்மூலிகையைத் தடை செய்தது. ஐரோப்பாவில் நெடுங்காலம் முதுகு வலிக்கு உட்கொள்ளப்பட்ட வில்லோ மரப்பட்டையையும், தென்னாப்பிரிக்கப் பாலைநிலத்து ஹார்ப்பகோஃபைட்டம் கிழங்கையும் உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. ஆஸ்பிரினின் முன்னோடி எனத்தக்க வில்லோப் பட்டைக்கே இந்நிலை என்றால், செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு மருந்து மென்மையானதாகிவிடாது என்பது விளங்கும்.

இதனினும் பெரிய ஆபத்து, பொட்டலத்துக்குள் இருப்பது சொல்லப்பட்ட மூலிகைதானா என்ற ஐயத்தில் உள்ளது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70ஐச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழ் வெளியிட்டது. இயற்கையான மூட்டுவலி மருந்து எனக் கூறி விற்கப்பட்ட 'ஆர்ட்ரி கிங்' என்னும் மாத்திரையில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியும் மறைத்துச் சேர்க்கப்பட்டிருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் அறிவித்தது. ஸ்டீராய்டு கலந்த பொடி ஓரிரு நாளில் வலியைப் போக்கி வைத்தியருக்குப் புகழ் தேடித்தரும். பல மாதம் தொடர்ந்தால் எலும்பைக் கரைத்து, இரத்தச் சர்க்கரையை ஏற்றி, நோய் எதிர்ப்பைக் குலைத்துவிடும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம்.

1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் 1964இல் செய்யப்பட்ட திருத்தம் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் தயாரிப்பையும் உரிம முறைக்குள் கொண்டுவந்தது. உரிம எண்ணும், சேர்மானப் பட்டியலும், தயாரிப்பு நாளும் இல்லாத எந்தப் பொடியும் அச்சட்டத்தின் காப்புக்கு வெளியே நிற்பதால், அதை வாங்காமல் விடுவதே வாங்குபவரின் முதல் தற்காப்பு.

வலிக்குள் மறையும் நோய்

பெரும்பாலான முதுகு வலி தானே தணியும் என்ற உண்மைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு: சிலருக்கு அது வேறொரு நோயின் அறிகுறி. இந்தியாவில் அவ்வகையில் முதலில் ஐயுற வேண்டியது முதுகெலும்புக் காசநோய். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் விவரித்ததால் அவர் பெயராலும் வழங்கும் இந்நோய், முள்ளெலும்பை மெல்ல அரித்து, மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இரவிலும் ஓயாத வலி ஆகியவற்றோடு மாதக்கணக்கில் வளர்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதால் இது அரிய நோயும் அன்று. அரிக்கப்பட்ட எலும்பின் மீது முறுக்கலும் இழுத்தலும் செய்தால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கக்கூடும். சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்திய ஆய்வு, ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் கொண்ட 6 அல்லது 9 மாதச் சிகிச்சையால், நோயாளி படுக்கையில் கிடக்காமல் நடமாடிக்கொண்டே பெரும்பாலும் குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டியது. அச்சிகிச்சை இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. மதுரைக்கு அருகே தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இயங்குகிறது. இத்தனை வசதி இருந்தும் மாதக்கணக்கில் தைலத்தோடு காத்திருப்பது தவிர்க்கக்கூடிய இழப்பு.

ஆகவே, வலியோடு காய்ச்சலோ காரணமற்ற எடைக் குறைவோ இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும், கீழே விழுந்தபின் வலி தொடங்கினாலும், காலில் வலு குறைந்தாலும், ஆறு வாரத்துக்கு மேல் தணியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடலாகாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவதும், தொடை இடுக்கு மரத்துப்போவதும் முதுகுத் தண்டின் கீழ்முனை நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள். அந்நிலையில் ஓரிரு நாள் தாமதமும் நிரந்தர ஊனமாக முடியும்.

காம்பும் மூட்டையும்

ஒற்றடத்தால் இரவில் தணிந்த வலி, மறுநாள் அதே வயலிலும் அதே மண்டியிலும் திரும்ப வருவதை மூலிகை தடுக்க இயலாது. கலிஃபோர்னியாவின் காய்கறி வயல்களில் குறுங்காம்புக் களைக்கொத்தைக் கொண்டு நாள் முழுதும் குனிந்து வேலை செய்த தொழிலாளர்கள் முதுகு முடங்கியபோது, அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை அடுத்து 1975இல் அக்கருவியின் பயன்பாடே தடை செய்யப்பட்டது. எந்தத் தைலமும் தர முடியாத நிவாரணத்தை அங்கே நீண்ட மரக்காம்பு தந்தது. மதுரைச் சமவெளியில் பெண்கள் இன்றும் கைப்பிடியளவுக் களைக்கொத்தோடு குனிந்தே களையெடுக்கிறார்கள். நின்றபடி தள்ளும் களையெடுப்புக் கருவிகள் இருந்தும் அவை கூலிப் பெண்களின் கைக்குப் பரவலாக வந்து சேரவில்லை.

சுமையிலும் இதே நிலைதான். ஒருவர் சுமக்கும் பளுவைப் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றது. அதனோடு இணைந்த பரிந்துரை வயதுவந்த ஆணுக்கு 55 கிலோவை மேல்வரம்பாக வைக்கிறது. அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த கணக்கோ, மிகச் சாதகமான சூழலிலும் ஒருவர் தூக்கத்தக்க பளுவை 23 கிலோ என்று வரையறுக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையும் 50 கிலோ சிமென்ட் மூட்டையும் முதல் வரம்புக்குள் அடங்குகின்றன. இரண்டாவதை வெகுவாக மீறுகின்றன. மூட்டையின் எடையைக் குறைப்பதும், தூக்கும் உயரத்துக்கு மேடையும் தள்ளுவண்டியும் தருவதும் மருத்துவச் செலவைவிட மலிவானவை.

தொழிலாளர் செய்யத்தக்கவையும் உண்டு. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வில், படுக்கையில் ஓய்வெடுத்தவர்களை விட இயன்றவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். இடுப்புப் பட்டை அணிவதை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை; முறையாகக் கற்பிக்கப்பட்ட உடற்பயிற்சியையே நாள்பட்ட வலிக்கு முன்னிறுத்துகிறது.

இவற்றைச் செயலாக்க அரசுக்குப் புதிய அமைப்பு தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவச் சேவை ஏற்கெனவே உண்டு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் அது நடவுக்கும் களையெடுப்புக்கும் முன்பே பெண் தொழிலாளர்களிடம் சென்று பயிற்சி தர வேண்டும். அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் ஒற்றடமும் தொக்கணமும் பயிற்சி பெற்றவர் கையால் கிடைக்க வேண்டும். அங்கு வரும் ஒவ்வொரு முதுகு வலி நோயாளியிடமும் காசநோய்க்கான கேள்விகள் தவறாமல் கேட்கப்பட வேண்டும். 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் இணைந்து, நொச்சி ஒற்றடத்தையும் வெறும் வெந்நீர் ஒற்றடத்தையும் ஒப்பிடும் ஆய்வு ஒன்றை நடத்தினால், இலையின் பங்கு என்ன என்ற கேள்விக்கு மிகக் குறைந்த செலவில் விடை கிடைக்கும். அவ்விடை நொச்சிக்குச் சாதகமானால் சித்த மருத்துவத்தின் மதிப்பு உயரும். பாதகமானால் ஏழைகளின் பணமும் காலமும் மிச்சமாகும்.

நொச்சி ஒற்றடத்தைத் தயங்காமல் செய்யலாம். பெயர் தெரியாத பொடியை உண்ணக் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகு வலியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. களைக்கொத்தின் காம்பை நீட்டுவதும் மூட்டையின் எடையைக் குறைப்பதும் அரசும் வேலை கொடுப்போரும் செய்ய வேண்டிய மருத்துவம். அதைச் செய்யாமல் தொழிலாளியின் கையில் தைலத்தை மட்டும் கொடுப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.